தேர் மடிந்த இடம்: மடிப்புப் படங்கள் கொண்ட சிறு நூல் ஒன்றைக் கையால் கட்டிய அனுபவம்

பின்னணி

திருவாரூர்ப் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். திருவாரூர்த் தியாகராசர் கோயிலின் பெரிய தேரான ஆழித்தேரைப் பல ஆண்டுகளாக வரைந்துவருகிறார். சக்கரம், அச்சு, தேர்ச் சிற்பங்கள், உருளையாகத் தொங்கும் துணித் தொம்பை, வடம், தேரை நிறுத்தவும் திருப்பவும் சக்கரத்துக்கு அடியில் கொடுக்கும் முட்டுக்கட்டை என்று எதையும் விட்டுவைத்ததில்லை. அந்தப் படங்களில் தேர்ந்தெடுத்தவற்றை 48 பக்கச் சிறு நூலாக்கி, 50 பிரதிகள் மட்டும் கையால் கட்டித் தரவேண்டும் என்று ஐப்பசி மாதம் எங்கள் பைண்டிங் பட்டறைக்கு வந்தார். பங்குனித் தேரோட்டத்துக்கு முன் நூல் கையில் இருக்கவேண்டும் என்பது அவர் வைத்த ஒரே கெடு.

நூலின் அளவு 148 × 210 மி.மீ. உள்ளே ஐந்து மடிப்புப் படங்கள். அவற்றில் மூன்று, ஒரு மடிப்பு கொண்ட அகலப் படங்கள்: சக்கரமும் அச்சும், வடம் பிடிக்கும் காட்சி, தேர் சுற்றிவரும் நான்கு வீதிகளின் வரைபடம். நான்காவது, கோயிலை அடுத்துள்ள கமலாலயக் குளத்தின் மேற்குக் கரையில் நின்று கிழக்கே பார்க்கும் நீண்ட காட்சி. தண்ணீருக்கு அப்பால் கோபுரங்கள் வரிசையாகத் தெரியும். கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி என்று ஊரில் சொல்வார்கள். வேலி என்பது பழைய நில அளவு. ஐந்து வேலிக் குளத்தை ஒற்றைப் பக்கத்தில் அடைப்பது அவமரியாதை என்பது ஆசிரியரின் கட்சி. ஐந்தாவது படம் தேர்.

அலங்கரித்த தேரின் உயரம் 96 அடி என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. ஆசிரியர் அதை ஒன்றுக்கு நூறு என்ற அளவில் வரைந்திருந்தார். காகிதத்தில் அது 293 மி.மீ. பக்கத்தின் உயரமோ 210. ஆகவே தேரின் மேற்பகுதி பக்கத்தின் தலையிலிருந்து கீழ்நோக்கி மடிந்து கிடக்கவேண்டும். வாசகர் அதை மேலே தூக்கிப் பிரிக்கவேண்டும். நூலை அவர் செய்ய நினைத்ததே இந்த ஒரு பக்கத்துக்காகத்தான்.

எங்கள் பட்டறையைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கணக்குப் பதிவேடுகள், ஆய்வேடுகள், நைந்துபோன பழைய நூல்களுக்கு மறுகட்டு ஆகியவைதான் எங்கள் அன்றாட வேலை. பழைய மாவட்டக் கையேடுகளின் பின்னால் மடித்து வைத்த வரைபடங்களை ஒட்டிச் சரிசெய்திருக்கிறோம். மடிப்புப் படங்களைப் புதிதாக வைத்து ஒரு நூலைத் தொடக்கத்திலிருந்து கட்டியதில்லை. அதை ஆசிரியரிடம் சொன்னோம். "நானும் புத்தகம் போட்டதில்லை தம்பி. சேர்ந்தே கற்றுக்கொள்வோம்" என்றார்.

டம்மி

ஆசிரியரும் அவருடைய பேத்தியும் வீட்டிலேயே ஒரு டம்மி, அதாவது அச்சுக்கு முந்தைய வெற்று மாதிரி நூல், செய்து கொண்டுவந்தார்கள். ஜெராக்ஸ் எடுக்கும் 75 ஜி.எஸ்.எம். (தாளின் கனத்தைச் சொல்லும் எடை அளவு) தாளில் பென்சிலால் கோடு போட்டு, மடித்து, நடுவில் பின் அடித்திருந்தார்கள். நன்றாகவே இருந்தது. எல்லாம் மடிந்தது, எல்லாம் பிரிந்தது. நான் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டுச் சரி என்றேன்.

அந்தச் "சரி"யில் மூன்று தவறுகள் இருந்தன. நூல் அச்சாகப் போவது 120 ஜி.எஸ்.எம். தாளில், அந்தத் தடிமன் டம்மியில் இல்லை. டம்மியில் மை கிடையாது. ஆகவே மடிப்பில் மை வெடிப்பது தெரிய வழியில்லை. மூன்றாவதுதான் பெரியது: டம்மியின் ஓரங்களை யாரும் கட்டிங் மெஷினில் கொடுத்து வெட்டவில்லை.

அச்சு வேலை வெளியூர் டிஜிட்டல் அச்சகம் ஒன்றில் நடந்தது. 13 × 19 அங்குலத் தாள். சோதனைக்காக முதலில் ஆறு பிரதிகளுக்கு மட்டும் அச்சிட்டோம். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் புத்தியோடு நடந்துகொண்டோம்.

முதல் ஆறு பிரதிகள்

மடிப்புப் படங்களை மடிக்கும் வேலையைத் தாங்களே செய்கிறோம் என்று ஆசிரியர் வீட்டார் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். கார்த்திகை மழையில் நான்கு நாள் உட்கார்ந்து மடித்தார்கள். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு மடிப்பும் பக்கத்தின் ஓரத்தோடு இம்மியும் பிசகாமல் பொருந்தி நின்றது.

அவர்கள் பொருத்திப் பார்த்தது இன்னும் வெட்டாத பக்கத்தின் ஓரத்தோடு. தலை, அடி, முன் ஓரம் ஆகிய மூன்று பக்கமும் 3 மி.மீ. கழிவு விட்டு அச்சிட்டிருந்தோம். தைத்து முடித்தபின் கட்டிங் மெஷின் அந்த மூன்று மில்லிமீட்டரை எடுத்துவிடும். மடிப்பு சரியாக அந்தக் கழிவுக்குள் உட்கார்ந்திருந்தது.

தையல் முடிந்தது. ஒன்றாக மடித்துத் தைக்கும் பதினாறு பக்கத் தொகுதிகள், அதாவது பாரங்கள், மூன்று. மடிப்புப் படங்களை அடுத்த பக்கத்தின் உள்ளோரத்தில் 4 மி.மீ. அகலத்துக்குப் பசை தடவி ஒட்டியிருந்தோம். ஆறு பிரதிகளில் ஒன்றை, வெட்டாமலேயே, ஆசிரியர் அன்று மாலை பார்க்கவேண்டும் என்று வாங்கிப் போனார். மற்ற ஐந்தையும் பக்கத்து அச்சகத்தின் கட்டிங் மெஷினில் ஒன்றாக அடுக்கிக் கொடுத்தோம்.

கத்தி ஒரே இறக்கத்தில் ஐந்தையும் வெட்டியது. எடுத்துத் திறந்தபோது முதலில் விழுந்தது குளம். நான்கு பகுதிகளாக விசிறி மடிப்பில் இருந்த காட்சி அது. முன் ஓரத்தில் இருந்த இரண்டு மடிப்புகளும் போய்விட்டன. முதல் பகுதி நூலோடு நின்றது. நடுவிலிருந்த இரண்டு பகுதிகள் சேர்ந்து ஒரு துண்டாகவும், கடைசிப் பகுதி தனித் துண்டாகவும் கீழே விழுந்தன. ஒற்றை மடிப்புப் படங்கள் மூன்றும் பாதியாகின. தலைப்பக்கம் வெட்டியதில் தேரின் உச்சி தனியாக வந்துவிட்டது. ஐந்து பிரதிகளில் இருபத்தைந்து மடிப்புப் படங்கள், ஒன்றும் மிஞ்சவில்லை.

மெஷின் ஓட்டியவர் மேல் தவறு இல்லை. அவருக்கு உள்ளே மடிப்பு இருப்பதே தெரியாது. மடித்தவர்கள் மேலும் இல்லை. வெட்டுக் கழிவு என்று ஒன்று உண்டு என்பதை அவர்களிடம் சொல்லவேண்டிய ஆள் நான். எங்கள் பட்டறையின் மூத்த தொழிலாளர், நாற்பது ஆண்டு ஊசி பிடித்தவர், துண்டுகளைப் பொறுக்கி மேசைமேல் அடுக்கிவிட்டு, "மடிப்பு ஒழுங்காக இருந்ததால்தான் தம்பி இத்தனையும் போயிற்று. கொஞ்சம் கோணலாக மடித்திருந்தால் நாலைந்தாவது தப்பியிருக்கும்" என்றார். அவர் கேலி செய்யவில்லை, உண்மை அதுதான்.

தப்பிய பிரதியில் பார்த்தவை

வெட்டாமல் ஆசிரியர் வீட்டுக்குப் போன பிரதி மறுநாள் திரும்பி வந்தது. நல்லவேளை அது இருந்தது. இல்லாவிட்டால் வெட்டுக் கழிவை மட்டும் திருத்திக்கொண்டு, மற்ற கோளாறுகளோடு ஐம்பது பிரதிகளையும் கட்டியிருப்போம். ஒரு வாரம் அதைப் பட்டறையில் வைத்து, வருவோர் போவோர் பிரித்துப் பார்ப்பதைக் கவனித்தோம். நாங்கள் எதுவும் சொல்லித்தரவில்லை. கைகளை மட்டும் பார்த்தோம்.

நூல் ஆப்பு வடிவத்தில் இருந்தது. எண்ணிப் பார்த்தால் காரணம் எளிது. முதுகுப் பக்கம் 24 தாளும், மடிப்புப் படம் ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள் தடிமனாக ஐந்தும் சேர்ந்து 29. முன் ஓரத்தில் அதே 24 தாளோடு, குளத்துக்கு நான்கு, ஒற்றை மடிப்புப் படங்கள் மூன்றுக்கும் ஆறு, தேருக்குக் கீழ்ப்பகுதியில் ஒன்று, ஆக 35. தேர் மடிந்திருக்கும் தலைப் பகுதியில் 36. எங்கள் தாளின் தடிமன் ஏறத்தாழ 0.15 மி.மீ. முதுகில் 4.35 மி.மீ., முன் ஓரத்தில் 5.25 மி.மீ. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவுதான். ஆனால் நான்கரை மில்லிமீட்டர் நூலில் அது ஐந்தில் ஒரு பங்கு. அட்டை போட்டால் வாய் பிளந்துகொண்டு நிற்கும்.

மடிப்புகளில் மை வெடித்திருந்தது. குளத்துத் தண்ணீரின் கருநீலத்தில் வெள்ளைக் கோடு. டிஜிட்டல் அச்சில் மை தாளுக்குள் ஊறுவதில்லை. மேலே படலமாக உட்கார்கிறது. தாளின் நாரோட்டத்துக்குக் குறுக்கே மடித்தால் நார்கள் முறியும், படலமும் சேர்ந்து வெடிக்கும். அச்சகத்தில் கிரெயின் என்று சொல்வது இந்த நாரோட்டத்தைத்தான். எங்கள் தாளில் அது 19 அங்குல நீளவாக்கில் ஓடியது. சாதாரணப் பக்கங்களை அடுக்கியபோது பக்கத்தின் உயரம் அந்த நீளத்தோடு சேர்ந்து வந்துவிட்டது. நாரோட்டம் முதுகுக்கு இணையாக, வேண்டியபடியே அமைந்தது. பக்கங்கள் அழகாக மடிந்ததால் யாருக்கும் சந்தேகம் எழவில்லை. மடிப்புப் படங்களை நீளவாக்கில் வைத்து அச்சிட்டபோது அதே தாள் எதிரியாகிவிட்டது. தேர்ப் படத்தையும் அப்படித்தான் வைத்திருந்தோம். அதன் மடிப்பும் நாருக்குக் குறுக்கே.

அடுத்தது, கைகள். குளத்துக் காட்சி நான்கு பகுதி விசிறி மடிப்பு என்றேன். இரட்டைப்படையில் விசிறி மடித்தால் கடைசி விளிம்பு முதுகுப் பக்கம் போய் ஒளிந்துகொள்ளும். எங்கே பிடித்து இழுப்பது என்று வாசகருக்குத் தெரிவதில்லை. பிரித்துப் பார்த்தவர்களில் பலர் முன் ஓரத்தில் தெரிந்த மடிப்பையே இழுத்தார்கள். அந்த இழுப்பு நேரே போய் 4 மி.மீ. பசைக் கோட்டில் விழுந்தது. வார முடிவில் பசைக் கோடு பாதி விட்டிருந்தது. ஒட்டிய பக்கமும் கூடவே உரிந்தது.

தேர்ப் பக்கத்தில் கிழிசல் வந்தது. மேற்பகுதியைத் தூக்கும்போது அதன் இடது முனை நூலின் உள்பள்ளத்தில் மாட்டுகிறது. முதுகருகே தாள் தட்டையாக இருப்பதில்லை, வளைந்து இறங்குகிறது. வளைந்த தாளில் குறுக்கு மடிப்பைத் திறந்தால் மடிப்பின் முனை கிழிந்துதான் ஆகவேண்டும். தூக்கியவர்கள் மென்மையாகவே தூக்கினார்கள். மூன்றாம் நாளே அரை அங்குலக் கிழிசல்.

மழைக்காலத்து மைதாப் பசையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய வழக்கமான பசைதான். ஈரம் கூடுதல், காய நேரமும் கூடுதல். ஒட்டிய ஓரமெல்லாம் அலையலையாகச் சுருங்கியிருந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

தை பிறந்ததும் மூவரும் உட்கார்ந்தோம். ஆசிரியருக்கு ஒரு பயம் இருந்தது: மடிப்புகளை விட்டுவிடச் சொல்வேனோ என்று. சொல்லத்தான் நினைத்தேன். படங்களைச் சிறிதாக்கி இரண்டு பக்கமாக அச்சிட்டுவிட்டால் எல்லாத் தொல்லையும் தீரும். ஆனால் தேரைச் சிறிதாக்கினால் ஒன்றுக்கு நூறு என்ற அளவு போய்விடும். நூலில் அடிக்கோல் வைத்து அளந்து பார்க்கலாம் என்று முன்னுரையிலேயே எழுதியிருந்தார். அதைக் கெடுக்க மனம் வரவில்லை.

முதல் முடிவு, மடிப்புப் படங்களைக் கத்தியின் பாதையிலிருந்து அடியோடு விலக்குவது. இரண்டு வழிகள் இருந்தன. மடிப்பை ஓரத்திலிருந்து ஏழெட்டு மில்லிமீட்டர் உள்ளே தள்ளி மடித்து, முன்போலவே தைத்து வெட்டுவது ஒன்று. இதில் படங்களின் தலையும் அடியும் நூலோடு சேர்ந்தே வெட்டுப்படும். தேரின் மடிப்பு தலையில் இருப்பதால் ஆபத்து நீடிக்கும். நூலை முதலில் வெட்டி முடித்துவிட்டு, பிறகு படங்களைக் கையால் ஒட்டுவது இன்னொன்று. 250 படங்களை ஒவ்வொன்றாக ஒட்டவேண்டும். இரண்டாவதைத் தேர்ந்தோம். மூத்த தொழிலாளருக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. படங்களின் ஓரம் நூலின் ஓரத்தோடு ஒரே மட்டமாக நிற்காது, பார்க்கப் பிசிறாக இருக்கும் என்றார். அவர் சொன்னது சரி என்பதால், மட்டமாக நிறுத்த முயலவே வேண்டாம் என்று வைத்துக்கொண்டோம். படங்களின் உயரம் 206 மி.மீ.; தலையிலும் அடியிலும் இரண்டு இரண்டு மில்லிமீட்டர் உள்வாங்கி நிற்கும். மடிப்பு, முதுகிலிருந்து 142 மி.மீ. தூரத்தில். பக்கத்தின் ஓரம் 148. அந்த ஆறு மில்லிமீட்டரில் மடிப்புக்குப் பாதுகாப்பும் உண்டு. அலமாரியில் நூலை உருவும்போது விரல் படுவது பக்கத்தின் ஓரத்தில், மடிப்பில் படாது.

இரண்டாவது முடிவு, முதுகுப் பட்டைகள். 40 மி.மீ. அகலத் தாள் பட்டையை நடுவில் மடித்துப் பாரத்தோடு சேர்த்துத் தைத்துவிடுவது. நூலுக்குள் 20 மி.மீ. அகலத்தில் இரண்டு குட்டை இதழ்கள் நிற்கும். ஒன்றின் வெளி ஓரத்தில் 10 மி.மீ. அகலத்துக்குப் பசை தடவி மடிப்புப் படத்தை ஒட்டுகிறோம். படத்தின் இழுப்பைத் தையல் வாங்கிக்கொள்கிறது. பக்கத்துத் தாளுக்குச் சம்பந்தமில்லை. படமும் முதுகின் பள்ளத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளியே தொடங்குகிறது. ஆப்பு வடிவத்துக்கும் இதுவே மருந்து. ஐந்து பட்டைகளின் பத்து இதழ்களும் 24 தாளும் சேர்ந்து முதுகில் 34 தடிமன்.

இதை ஆசிரியருக்கு விளக்கியபோது அவர் சிரித்தார். "வடம் இழுக்க ஊரே வரும். முட்டுக்கட்டை போடுகிறவர்கள் நாலு பேர். தேரைத் திருப்புவது அவர்கள்தான்" என்றார். அன்றிலிருந்து பட்டறையில் அந்தப் பட்டைகளுக்கு முட்டுக்கட்டை என்றே பெயர்.

மூன்றாவது முடிவு அவருக்குக் கசந்தது. குளத்துக் காட்சி நான்கிலிருந்து மூன்று பகுதியாகவேண்டும். ஒற்றைப்படையில் விசிறி மடித்தால் கடைசி விளிம்பு முன் ஓரத்துக்கு வந்துவிடும். வாசகர் பிடித்து இழுக்கலாம். முன்பு ஏறத்தாழ 600 மி.மீ. நீளம் என்பதால் இரண்டு தாள்களை ஒட்டவேண்டியிருந்தது. மூன்று பகுதி என்றால் 386 மி.மீ.; ஒரே தாளில் அடங்கும். முன் ஓரத்தின் கணக்கும் 34 ஆகி, முதுகோடு சரிக்குச் சரி வந்துவிடும். தலைப் பகுதியில் மட்டும் ஒன்று கூடுதல். அந்த அளவைத் தையல் நூலே முதுகில் கொடுத்துவிடும். "ஐந்து வேலியை மூன்றாக்கிவிட்டீர்கள்" என்று ஆசிரியர் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே வழி கண்டுபிடித்தார். நீளம் சுருங்கியதில் படத்தின் உயரமும் 135 மி.மீ. ஆகி, அடியில் 70 மி.மீ. வெற்றிடம் மிஞ்சியிருந்தது. அடுத்த பக்கத்தில் இருந்த கோபுரப் பெயர்களையும் மண்டபக் குறிப்புகளையும் அங்கே கொண்டுவந்து, ஒவ்வொன்றும் அதனதன் உருவத்துக்கு நேர் கீழே வருமாறு எழுதினார். முன்பிருந்ததைவிட அது மேலான பக்கம். ஒற்றை மடிப்புப் படங்களில் உள் பகுதியை வெளிப் பகுதியைவிட 20 மி.மீ. குறைத்தோம், விரல் நுழைய இடம் வேண்டுமே என்று.

நான்காவது, நாரோட்டம். அகலப் படங்களுக்கு 23 × 36 அங்குலப் பெரிய தாளை வாங்கி, நாரோட்டம் 12 அங்குல வாக்கில் வருமாறு 12 × 19 அங்குலத் துண்டுகளாக வெட்டச் சொன்னோம். ஒரு பெரிய தாளில் மூன்று துண்டுதான் கிடைக்கும். நான்கு அங்குலப் பட்டை மிச்சம். அச்சகத்தார் வீண் என்றார்கள். அந்த மிச்சத்தில்தான் 250 முட்டுக்கட்டைகளையும் வெட்டினோம். அதன் நாரோட்டம் நீளவாக்கில், முதுகுக்கு இணையாக, தானாகவே சரியாக அமைந்திருந்தது.

தேர்ப் படம் தனிச் சிக்கல். அது ஒட்டப்படுவது செங்குத்து ஓரத்தில், மடிவது கிடைக்கோட்டில். நாரோட்டம் இரண்டுக்கும் ஒருசேர இணையாக இருக்க முடியாது. மடிப்புக்கே முன்னுரிமை என்று முடிவு செய்தோம். பல முறை திறந்து மூடப்படுவது அதுதான். ஒட்டும் ஓரத்தை முட்டுக்கட்டை பார்த்துக்கொள்ளும். இதற்குப் பழைய 13 × 19 தாளே பொருந்தியது. படத்தைத் தாளின் குறுக்கே வைத்தால் போதும், ஒரு தாளில் மூன்று தேர். மடிப்பு தரையிலிருந்து ஏறத்தாழ 65 அடி உயரத்தில், துணி அலங்காரத்தின் நடுவே விழுந்தது. ஆசிரியர் படத்தை 4 மி.மீ. கீழே இறக்கினார், மடிப்பு இரண்டு அலங்கார அடுக்குகளுக்கு இடையிலான கோட்டில் வந்து உட்கார்ந்தது. இப்போது தேடினால்தான் தெரியும். மேற்பகுதியின் இடது ஓரத்தை 15 மி.மீ. வெட்டி ஒதுக்கினோம், உள்பள்ளத்தில் மாட்டாமலிருக்க.

எல்லா மடிப்புகளுக்கும் அச்சகத்திலேயே கிரீசிங், அதாவது மடிப்புக் கோட்டில் அழுத்துத் தடம், போடச் சொல்லி, அதன் பிறகே மடித்தோம். பசையில் வெள்ளைப் பசை பெரும்பங்கு, மைதாப் பசை சிறுபங்கு. இழுத்துச் சரிசெய்ய நேரமும் கிடைக்கும், ஈரமும் குறைவு.

ஐம்பது பிரதிகள்

மாசியில் வேலை தொடங்கியது. இந்தமுறை அசல் தாளில், அசல் மையோடு, கத்தியில் கொடுத்து வெட்டிய டம்மி ஒன்றைச் செய்து பார்த்த பிறகே அச்சுக்குச் சொன்னோம்.

எதிர்பாராத சிக்கல் ஒன்று கட்டிங் மெஷினருகே வந்தது. படங்கள் இல்லாமல் பட்டைகள் மட்டும் தைக்கப்பட்ட நூல், முன்பு இருந்ததற்கு நேர்மாறான ஆப்பு: முதுகில் 34 தடிமன், முன் ஓரத்தில் 24. இதை மெஷினின் அழுத்துப் பலகையின் கீழ் வைத்தால் தாள்கள் நழுவி, வெட்டு சாய்ந்துபோகும். மூத்த தொழிலாளர் கழிவுத் தாள்களை எடுத்து, ஒவ்வொரு பட்டையின் இடத்திலும் இரண்டிரண்டாகச் செருகச் சொன்னார். நூல் சமமாயிற்று. வெட்டிய பிறகு அவற்றை உருவிப் போட்டோம். இதை எந்தக் கையேட்டிலும் நான் படித்ததில்லை. அவருக்கும் யாரும் சொல்லித்தரவில்லையாம்.

ஒட்டும் வேலைக்கு ஆறு நாள் ஆயிற்று. ஆசிரியரின் பேத்தி மடித்துக் கொடுக்க, நானும் மூத்தவரும் ஒட்டினோம். நாளொன்றுக்கு எட்டுப் பிரதிகளுக்கு மேல் போனால் கை கோணத் தொடங்குகிறது என்பதை இரண்டாம் நாள் கண்டோம். இரண்டு பிரதிகளில் தேர்ப் படம் சாய்ந்துவிட்டது. இரண்டு டிகிரி இருக்கும். மற்ற படங்களில் அந்தச் சாய்வு கண்ணுக்கே தெரியாது. தேர் சாய்ந்தால் தெரிகிறது. அவை இரண்டையும் ஒதுக்கினோம்.

மில்போர்டு அட்டை, அரக்குச் சிவப்புக் காலிகோ துணி, வெற்று முதுகு. அட்டை வேலை வழக்கம்போல் நடந்தது. பங்குனிக்கு 48 பிரதிகள் கொடுத்தோம்.

ஓராண்டுக்குப் பின்

ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கடந்தபின், ஊரில் இருந்த 14 பிரதிகளை ஆசிரியர் கேட்டு வாங்கி எங்களுக்குக் காட்டினார். சில அலமாரியை விட்டு இறங்காதவை. அவற்றால் எதுவும் தெரியவரவில்லை. ஒன்று பள்ளி நூலகத்துப் பிரதி, குழந்தைகள் கையில் நன்றாகப் புழங்கியது. அதிலிருந்துதான் அதிகம் கற்றோம்.

முட்டுக்கட்டைகள் ஒன்றும் விடவில்லை. நூல்கள் தட்டையாக மூடின. குளத்துக் காட்சியின் மடிப்புகளில் மை பெரும்பாலும் நின்றிருந்தது; பள்ளிப் பிரதியில் மட்டும் மெல்லிய வெள்ளைக் கீற்று. ஒட்டிய ஓரத்தில் தேர்ப் படம் சற்றே அலைந்திருந்தது. நாரோட்டம் அங்கே குறுக்கே என்பதால் எதிர்பார்த்ததுதான்.

மூன்று பிரதிகளில் தேர்ப் பக்கம் மறுபடி கிழிந்திருந்தது. இடம் மட்டும் மாறியிருந்தது. முன்பு மடிப்பின் இடது முனை. இப்போது, 15 மி.மீ. வெட்டி ஒதுக்கிய இடத்தின் உள்மூலை. செங்கோணமாக வெட்டியிருந்தோம். கூரிய உள்மூலையில் இழுப்பெல்லாம் ஒரு புள்ளியில் குவிகிறது. கிழிசல் அங்கிருந்து புறப்படுகிறது. சட்டைத் துணியை வெட்டுகிற எந்தத் தையற்காரரும் அறிந்தது இது. எங்களுக்குத் தோன்றவில்லை.

பள்ளிப் பிரதியில் இன்னொன்றும் தெரிந்தது. தேரின் மேற்பகுதியைக் குழந்தைகள் பின்பக்கமாகவும் மடித்திருந்தார்கள். எந்தப் பக்கம் மடியவேண்டும் என்று தாளில் எந்த அடையாளமும் இல்லை. இரு பக்கமும் மடிந்த மடிப்பு, துணிபோலத் தளர்ந்துவிட்டது.

மாற்றிச் செய்ய நினைப்பவை

உள்மூலையில் முதலில் பஞ்ச் கருவியால் சிறு துளை போட்டு, அந்தத் துளைவரை வெட்டவேண்டும், மூலை வளைவாகிவிடும். தேரின் மேற்பகுதிக்குப் பின்னால், மடித்த நிலையில் வாசகர் காணும் இடம் இப்போது வெற்றாக இருக்கிறது. அங்கே மெல்லிய கோட்டில் தேரின் அந்தப் பகுதியையே வரைந்துவிட்டால், மடித்தபின் எது வெளியே தெரியவேண்டும் என்று கைக்குத் தானாகத் தெரியும். இது பேத்தி சொன்ன யோசனை. மூத்தவர் மேற்பகுதியின் பின்னால் மெல்லிய மல் துணி ஒட்டலாம் என்றார். பழைய வரைபடங்களுக்குத் துணி ஒட்டுவது உண்டுதான். ஆனால் தடிமன் கூடும், கணக்கு மறுபடி கலையும். ஐம்பது பிரதிச் சிறு நூலுக்கு அது வேண்டாம் என்பது என் எண்ணம். அவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

பெரிய மாற்றம் ஒன்று மனத்தில் இருக்கிறது. தேரின் உறுப்புகளை விளக்கும் ஆறு பக்கங்களைப் படிக்கும்போது வாசகர் ஒவ்வொரு சொல்லுக்கும் தேர்ப் படத்துக்குத் திரும்பவேண்டியிருக்கிறது. பழைய நூல்களில் வரைபடத்தை நூலின் கடைசியில், பக்கத்தின் அகலத்துக்கு வெற்றுத் தாள் ஒன்றை விட்டு அதற்கப்பால் ஒட்டியிருப்பார்கள். பிரித்தால் படம் முழுதும் நூலுக்கு வெளியே வந்து நிற்கும். எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் கண்முன் இருக்கும். தேரை அப்படி வைத்தால் உள்பள்ளத்தின் தொல்லையே இல்லை, 15 மி.மீ. ஒதுக்கவும் வேண்டாம், மூலையும் இல்லை. பதிலாக, ஒரே தாளில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு மடிப்பு வரும். அவை சந்திக்கும் புள்ளி பலவீனமானது.

அதற்கான டம்மி, அசல் தாளில், வெட்டி முடித்த நிலையில், இப்போது பட்டறை மேசையில் கிடக்கிறது. இதுவரை ஒன்பது பேர் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். ஏழு பேர் சரியாக மடித்து வைத்தார்கள். இரண்டு பேர் முதலில் தேரை மடிக்காமல் வெற்றுத் தாளை மடித்துவிட்டு, உச்சி வெளியே நீட்டிக்கொண்டிருக்க நூலை மூடினார்கள்.